நாயிவாலா தெருவின் கறுப்பு மண்

கரோல் பாக் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, நடைபாதைக் கடைகளைத் தாண்டி நாயிவாலா தெருவுக்குள் நுழைந்தால் முதலில் காதுதான் விழித்துக்கொள்ளும். யாராவது ஒருவர் புல்லட்டுக்குப் புது சைலன்ஸர் மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். (தெருவின் பெயரைக் கேட்டதும் தமிழ்க் காதில் நாய் ஒன்று வாலாட்டும். இந்தியில் நாயீ என்றால் நாவிதர்.) அடுத்தது மூக்கு. ரப்பர், கிரீஸ், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் அடியில் கனமாக, இனிப்பும் கருகலும் கலந்த ஒரு வாடை. எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலின் வாடை அது.

ஒரு காலத்தில் தில்லித் தமிழர்களின் பேட்டையாக இருந்த இடம் கரோல் பாக். மத்திய அரசு குமாஸ்தாக்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த சந்துகளில் இப்போது ஹெட்லைட்டும் ஹேண்டில்பாரும் தோரணமாகத் தொங்குகின்றன. ஒரு கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். மிட்டி, அதாவது மண், என்றேன். "மிட்டியா? அது நர்சரியில் கிடைக்கும், பாயி சாப்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தத் தெருவில் மண் கண்ணில் படுவதே அபூர்வம். எல்லாம் சிமெண்ட், தார், ஓடு. மிச்சமிருப்பது மரத்தடிகள் மட்டும். 2013-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், தில்லியின் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்கு சிமெண்டைப் பெயர்த்தெடுக்க உத்தரவிட்டது. அந்த உத்தரவு பாதியாவது நிறைவேறிய ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். ஒரு பக்கம் மெக்கானிக்கின் பெட்டி, மறுபக்கம் சாயா கடை. நடுவில் ஒரு முறம் அளவு மண். மெக்கானிக் பக்கத்து மண் தார்போலக் கறுத்திருந்தது. சாயா கடைப் பக்கம் பழுப்பு. கொதித்து ஓய்ந்த தேயிலைத் தூளை அந்தக் கடைக்காரர் மரத்தடியில்தான் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கறுப்பு மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும். நல்ல மண்ணில் ஒரு கிராமுக்கு நூறு கோடி வரைகூட எண்ணியிருக்கிறார்கள். எண்ணெய் ஊறிய மண்ணில் மொத்தம் குறையலாம். ஆனால் இருப்பவற்றில் பெரும்பங்கு எண்ணெயைத் தின்னத் தெரிந்தவையாக மாறியிருக்கும். யாரும் கொண்டுவந்து விட்டவை அல்ல. அங்கேயே இருந்தவை, அங்கேயே பெருகியவை.

எண்ணெயை எப்படித் தின்பது? கச்சா எண்ணெய் என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்த பாசிகளின் கொழுப்பு. ஆகவே அது அடிப்படையில் உணவுதான். ஆனால் பூட்டிய உணவு. நம் சமையல் எண்ணெயின் மூலக்கூறில் ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. ஓர் உயிரணுவுக்கு அவை கைப்பிடி போல. எஞ்சின் ஆயிலில் அந்தக் கைப்பிடி இல்லை. இருபது, முப்பது கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி, சுற்றிலும் ஹைட்ரஜன், அவ்வளவுதான். நீரில் கரையாது, எதனுடனும் எளிதில் வினைபுரியாது. பூட்டைத் திறக்க வழக்கமான வழி, சங்கிலியின் நுனிக் கார்பனில் ஓர் ஆக்சிஜன் அணுவைக் கொண்டுபோய்ப் பொருத்துவது. அதைச் செய்துவிட்டால் ஹைட்ரோகார்பன் ஆல்கஹாலாகும், பிறகு ஆல்டிஹைடாகும், பிறகு கொழுப்பு அமிலமாகும். கொழுப்பு அமிலத்தைத் தின்னத் தெரியாத உயிரணு அரிது. நீங்கள் காலையில் சாப்பிட்ட நெய்தோசையின் நெய்யை உங்கள் உடல் கையாளும் வழியும் அதுவேதான், இரண்டிரண்டு கார்பனாக நறுக்கி எரிப்பது.

முதல் ஆக்சிஜனைப் பொருத்தும் நொதிதான் கதாநாயகன். அதற்கான மரபணுக்களில் முதலில் நன்றாக ஆராயப்பட்டது ஆல்க்-பி. சூடோமோனாஸ் என்னும் மண் பாக்டீரியாவில் கிடைத்தது. அந்த நொதி பாக்டீரியாவின் சவ்வில் பதிந்திருக்கும். நடுவில் இரண்டு இரும்பு அணுக்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிடித்து, சவ்வில் கரைந்து வரும் எண்ணெய்ச் சங்கிலியின் நுனியில் வைக்கும். ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. எட்டு, பத்து, பன்னிரண்டு கார்பன் நீளமுள்ள சங்கிலி என்றால் சரி. அதற்கு மேல் நீண்டால் உள்ளே நுழையாது. ஏன் நுழையாது என்பதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் ஒன்று. அந்தப் புரதத்தின் 55-ஆவது இடத்தில் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. உருவத்தில் பெரிய ஆள். பேருந்தின் படிக்கட்டில் பையோடு நிற்பவரைப் போல வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை எடுத்துவிட்டு அங்கே ஒரு சின்ன அமினோ அமிலத்தை வைத்துப் பார்த்தார்கள். நீளச் சங்கிலிகளும் உள்ளே போயின. ஒரே ஓர் எழுத்துத் திருத்தம்.

இயற்கை இந்தத் திருத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. முப்பது கார்பனுக்கு மேற்பட்ட, மெழுகு போன்ற சங்கிலிகளுக்கு அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு மண்வாசி வேறொரு நொதியை வைத்திருக்கிறது. வளைய வடிவ மூலக்கூறுகளுக்கு வேறு நொதிகள். எஞ்சினுக்குள் வெந்து கருகிய ஆயிலில் இந்த வளையங்கள் அதிகம். இரண்டு வளையம் ஒட்டிய நாஃப்தலின் (நம் வீட்டு ரசகற்பூரம்தான்) பாக்டீரியாக்களுக்கு ஓரளவு சுலபம். நாலு, ஐந்து வளையம் என்றால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கிடக்கும். அவற்றில் சில புற்றுநோய் தருபவை. ஆக, ஒரே பாக்டீரியா எல்லாவற்றையும் தின்னாது. ஊர்ச் சாப்பாடு போல, ஒருவர் சோற்றை முடிக்க, ஒருவர் எலும்பைக் கடிக்க, மூன்றாமவர் இலையை வழித்து நக்கவேண்டும்.

இந்த மரபணுக்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்பதில்தான் சுவாரஸ்யம். பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ. ஒரு பெரிய வளையம். அதைத் தவிரப் பல பாக்டீரியாக்களிடம் சின்னச் சின்ன வளையங்களும் உண்டு. பிளாஸ்மிட் என்று பெயர். ஆல்க்-பி-யின் ஊர் அப்படிப்பட்ட ஒரு பிளாஸ்மிட்தான். நாஃப்தலினைச் சிதைக்கும் மரபணுக்களும் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் கிடைத்தன. பிளாஸ்மிட்டின் தனிச்சிறப்பு, அது கைமாறும். ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருப்பதோடு ஒரு குழாய்ப் பாலம் போட்டு, பிளாஸ்மிட்டின் நகலை அனுப்பிவைக்கும். வாங்கிக்கொள்வது பிள்ளையாகவோ பேரனாகவோ இருக்கவேண்டியதில்லை, வேற்று இனமாகக்கூட இருக்கலாம். பக்கத்து வீட்டு மாமியிடம் வத்தக்குழம்புக்குக் குறிப்பு எழுதி வாங்குவது மாதிரிதான். எண்ணெய் சிந்திய இடத்தில் இந்தக் கைமாற்று மும்முரமாக நடக்கும். குறிப்பு கிடைத்தவன் பிழைப்பான்.

இந்தக் கைமாற்றைத் தன் கையால் நடத்திப் பார்த்தவர் ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. 1938-இல் வங்காளத்தின் சைந்தியாவில் பிறந்தார். 1965-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். இலினாய்ஸில் கன்சாலஸ் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் சூடோமோனாஸுடன் பழகிவிட்டு, 1971-இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி ஊரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் சேர்ந்தார். நான்கு வெவ்வேறு பிளாஸ்மிட்களை ஒரே பாக்டீரியாவுக்குள் சேர்க்க முனைந்தார். ஒன்று கற்பூரத்தை, ஒன்று ஆக்டேனை, ஒன்று சாலிசிலேட்டை, ஒன்று நாஃப்தலினைச் சிதைப்பது. சிக்கல் வந்தது. கற்பூரப் பிளாஸ்மிட்டும் ஆக்டேன் பிளாஸ்மிட்டும் ஓரகத்திகள் போல ஒரே வீட்டில் இருக்க மறுத்தன. சக்ரவர்த்தி புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி இரண்டையும் ஒன்றாக ஒட்டவைத்துவிட்டார்.

கவனியுங்கள், இதில் மரபணுவை வெட்டி ஒட்டும் கத்தரி ஏதும் இல்லை. ஒட்டியதைத் தவிர மற்றதெல்லாம் நாயிவாலா வேப்பமரத்தடியில் தினமும் நடக்கும் கைமாற்றுதான். ஆனாலும் அந்த பாக்டீரியா உலகப் புகழ் பெற்றது அது தின்ற எண்ணெய்க்காக அல்ல, நீதிமன்றத்துக்காக. 1972-இல் காப்புரிமை கேட்டார்கள். செய்முறைக்குக் கொடுக்கிறோம் என்றது காப்புரிமை அலுவலகம். பாக்டீரியாவைத் தூவிக் கடலில் மிதக்கவிடும் வைக்கோலுக்கும் சரி என்றது. பாக்டீரியாவுக்கு மட்டும் மாட்டோம், உயிருள்ளதற்குக் காப்புரிமை கிடையாது என்றது. வழக்கு எட்டு ஆண்டு இழுத்து, 1980 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சக்ரவர்த்தியின் பக்கம் தீர்ப்பளித்தது. இன்றைய உயிர்த்தொழில்நுட்பத் தொழில் முழுவதும் அந்த ஒரு வாக்கு வித்தியாசத்தின் மேல் எழுந்து நிற்கிறது. அந்த பாக்டீரியாவோ எந்தக் கடலிலும் விடப்படவில்லை. சக்ரவர்த்தி 2020 ஜூலையில் காலமானார்.

ஏன் விடவில்லை? பயம் ஒரு காரணம். மரபணு மாற்றிய உயிரை வெளியில் விட்டால் திரும்பக் கூப்பிட முடியாது. ஆனால் பயத்தை மட்டும் சொல்வது பாதிக் கதை. மீதிக் கதை அலாஸ்காவில் இருக்கிறது.

1989 மார்ச் 24 அன்று எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதி நாலு கோடி லிட்டருக்கும் மேல் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. கரையில் படிந்த எண்ணெய்மீது எந்தச் சூப்பர் பாக்டீரியாவும் தெளிக்கப்படவில்லை. உரம்தான் தெளித்தார்கள். நைட்ரஜனும் பாஸ்பரஸும். உரம் விழுந்த பல இடங்களில் எண்ணெய் சிதையும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. புட்டியில் அடைத்து விற்ற பாக்டீரியாக்களையும் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளூர் பாக்டீரியாக்களைவிட அவை எதையும் அதிகமாகச் சாதிக்கவில்லை.

காரணம் எளிது. எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும். அதில் நைட்ரஜன் கிட்டத்தட்டக் கிடையாது. நெய்யை மட்டும் ஊற்றி ஒரு பிள்ளையை வளர்க்க முடியுமா? பருப்பும் வேண்டும். பாக்டீரியா தன் புரதத்துக்கும் டி.என்.ஏ.வுக்கும் நைட்ரஜனைத் தேடி அலைகிறது. மரபணு இருக்கிறது, பசி இருக்கிறது, பருப்பு இல்லை. கூடவே அந்த முதல் பூட்டைத் திறக்க ஆக்சிஜன் வேண்டும் அல்லவா? எண்ணெய் ஊறிக் கெட்டிப்பட்ட மண்ணுக்குள் காற்றும் போகாது.

நாயிவாலாவிலிருந்து பூசா ரோடு வழியாக மேற்கே போனால் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். பீகாரின் பூசா ஊரில் 1905-இல் தொடங்கி, 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்து, 1936-இல் தில்லிக்கு வந்தபோது ஊர்ப் பெயரையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்த நிறுவனம். கரோல் பாக்கின் சாலை பீகார் கிராமம் ஒன்றின் பெயரைச் சுமப்பது இப்படித்தான். அங்குள்ள நுண்ணுயிரியலாளர்கள் காலங்காலமாகக் கவலைப்படுவது, காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குள் இறக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி. கவலை நெல்லுக்காக. ஆனால் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவின் கவலையும் அதுவேதான்.

இந்தியாவில் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைத் தொழிலாகவே மாற்றியதும் தில்லிதான். லோதி ரோட்டில் தலைமையகம் கொண்ட டெரி ஆராய்ச்சி நிறுவனத்தில் பன்வாரி லால் குழுவினர், நாட்டின் பல பகுதிகளில் எண்ணெய் ஊறிய மண்ணைச் சேகரித்து, அதிலிருந்த பாக்டீரியாக்களை வளர்த்து, எது எதைத் தின்கிறது என்று பார்த்தார்கள். கடைசியில் ஐந்து வகைகளை ஒரு கூட்டணியாக்கினார்கள். ஒன்று சங்கிலிக்கு, ஒன்று வளையத்துக்கு என்று வேலைப் பிரிவினை. அதற்கு ஆயில்ஜாப்பர் என்று பெயர். மரபணுவில் கை வைக்கவில்லை. சக்ரவர்த்தி நான்கு குறிப்புகளை ஒரே சமையற்காரர் கையில் கொடுத்தார். இவர்கள் ஐந்து சமையற்காரர்களைப் பிடித்துவந்தார்கள். சக்ரவர்த்தியின் பாக்டீரியாவுக்கு வைக்கோல் என்றால் இவர்களுடையதற்கு மக்காச்சோளத் தக்கைப் பொடி. பாலித்தீன் பையில் அடைத்தால் மூன்று மாதம் தாங்கும். சுத்திகரிப்பு ஆலைகளில் தொட்டியடியில் சேரும் எண்ணெய்ச் சேற்றின் மீது அதைத் தூவி, உரம் போட்டு, தண்ணீர் தெளித்து, உழுதுவிடவேண்டும். ஆமாம், உழவேதான். காற்று போகவேண்டுமே. 2007-இல் ஓ.என்.ஜி.சி.யும் டெரியும் சேர்ந்து இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கின.

தமிழ்நாட்டில் இந்த வித்தையின் தேவையை 2017 இரண்டு முறை காட்டியது. ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் கறுப்புக் கூழ் ஒதுங்கியது. இளைஞர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. அள்ளிய சேற்றை என்ன செய்தார்கள் என்பதை யாரும் படம் பிடிக்கவில்லை. அதைச் சிதைக்கும் வேலை பாக்டீரியாக்களிடம் விடப்பட்டது. ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் தேங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தின் அலையாத்தி மரங்களுக்குக் கறுப்புச் சாயம் பூசியது. மறுபடியும் வாளி. அலையாத்திக் காட்டுச் சேற்றை உழ முடியாது. அங்கே காற்றும் இல்லை. இருந்தும் காற்றில்லாமலே எண்ணெயை மெல்ல மெல்லக் கொறிக்கும் பாக்டீரியாக்கள் சேற்றில் உண்டு. அவை வேலையை முடிப்பதற்குள் நண்டுகளின் பல தலைமுறைகள் போய்விடும்.

சரி, மரபணுப் பொறியியலுக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் சக்ரவர்த்தி நினைத்த இடத்தில் அல்ல என்பது என் எண்ணம். 1996-இல் டென்னஸி பல்கலைக்கழகத்தினர் ஓக் ரிட்ஜில், மண் நிரப்பிய பெரிய தொட்டிகளில் ஒரு சூடோமோனாஸை விட்டார்கள். அமெரிக்காவில் மாசகற்றலுக்காக அனுமதியோடு மண்ணில் விடப்பட்ட முதல் மரபணு மாற்ற பாக்டீரியா அது. நாஃப்தலினைச் சிதைக்கும் மரபணுக்களோடு, கடல்வாழ் பாக்டீரியாவின் ஒளிரும் மரபணுக்களை அதில் இணைத்திருந்தார்கள். நாஃப்தலினைத் தின்னத் தொடங்கினால் மினுங்கும். தின்பது முக்கியமல்ல, எங்கே எப்போது தின்கிறது என்று சொல்வதுதான் அதன் வேலை. மண்ணுக்குள் நடப்பதை இருட்டில் தடவிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு மின்மினி.

இன்னொரு யோசனை இன்னும் சாமர்த்தியமானது. வெளியூர் பாக்டீரியாவை மண்ணில் விட்டால் சில வாரங்களில் உள்ளூர்க்காரர்கள் அதைத் தின்றோ பட்டினி போட்டோ தீர்த்துவிடுகிறார்கள். சாகட்டும். சாவதற்குள் தன் பிளாஸ்மிட்டைப் பக்கத்து பாக்டீரியாவிடம் கைமாற்றிவிட்டால் போதாதா? அந்த மண்ணின் வெயிலுக்கும் உப்புக்கும் பழகிய உள்ளூர் பாக்டீரியா, குறிப்பை வாங்கிக்கொண்டு சமையலைத் தொடரும். களைக்கொல்லியான 2,4-டி-யைச் சிதைக்கும் பிளாஸ்மிட்டை வைத்து 1990களிலேயே இதை மண்ணில் செய்துபார்த்தார்கள். குறிப்பு கைமாறவே செய்தது. எந்த மரபணுவை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கவும் இப்போது வழி இருக்கிறது. மண் பாக்டீரியாக்களில் நூற்றுக்கு ஒன்றைத்தான் ஆய்வகத் தட்டில் வளர்க்க முடிகிறது. 1998-இல் ஜோ ஹேண்டல்ஸ்மேன் குழு மெட்டாஜீனோம் என்று பெயர் சூட்டிய முறையில், யாரையும் வளர்க்காமல் மண்ணிலுள்ள மொத்த டி.என்.ஏ.வையும் கூட்டாக எடுத்துப் படிக்கலாம். வேப்பமரத்தடியின் ஒரு சிட்டிகையை அப்படிப் படித்தால் ஆல்க்-பி-யின் பல ஒன்றுவிட்ட சகோதரர்கள் கிடைப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. கைமாறும் பிளாஸ்மிட் எங்கே நிற்கும் என்று யார் சொல்வது? எண்ணெய்க் குறிப்பைச் சுமக்கும் அதே வகை வளையங்கள்தான் மருந்துக்கு மசியாத குணத்தையும் ஊர் ஊராகக் கொண்டுபோகின்றன. இந்தியாவில் மரபணு மாற்றிய நுண்ணுயிரை வெளியில் விட 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை எண்ணி முணுமுணுக்கும் விஞ்ஞானிகள் உண்டு. எனக்கு அந்த வேகத்தடை பிடித்திருக்கிறது.

மறுபடி மரத்தடிக்கு வந்தேன். எஞ்சின் ஆயிலில் துத்தநாகம் இருக்கும், தேய்ந்த இரும்புப் பொடி இருக்கும். எந்த மரபணுவாலும் துத்தநாகத்தைத் தின்ன முடியாது. அது அங்கேயேதான் கிடக்கும், அல்லது வேர் வழியே வேம்புக்குள் ஏறும். மெக்கானிக் பழைய ஆயிலை வேண்டுமென்று மண்ணில் கொட்டுவதில்லை. அதற்கு விலை உண்டு, டின் டின்னாக வாங்கிப்போக ஆள் வருவார். 2024 ஏப்ரல் முதல், பழைய ஆயிலைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஆயில் தயாரிப்பவர்கள் தலையிலும் விதிகள் கட்டியிருக்கின்றன. மண்ணுக்கு வருவது டிரெயின் போல்ட்டைக் கழற்றும்போது குறி தவறிச் சொட்டும் சில துளிகள்தான். ஒரு வண்டிக்குச் சில துளி, ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டி.

சாயா கடைப் பக்கத்து மண் ஏன் பழுப்பாக இருந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். அந்தப் பக்கம் ஆயில் குறைவாக விழுந்திருக்கலாம். ஆனால் கொதித்த தேயிலையில் நைட்ரஜன் உண்டு. ஈரம் உண்டு. மட்கும்போது மண்ணை நெகிழவைத்துக் காற்றுக்கு வழிவிடும். அலாஸ்காவில் செய்ததை இந்த மனிதர் தினம் முப்பது தடவை, வடிகட்டியைத் தட்டித் தட்டிச் செய்துகொண்டிருந்தார். ஒரு தடவை மட்டும் மெக்கானிக் பக்கமாகத் தட்டச் சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டார். கீடாணுக்களுக்கு, கிருமிகளுக்கு, என்றேன். சாயாவில் கிருமி இருக்கிறது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் முகம் சுளித்தார். நான் காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். பின்னால் இன்னொரு புல்லட் வந்து நின்றது. மெக்கானிக்கின் கையாள் பையன் வாய் வெட்டிய கேனை அதன் அடியில் தள்ளினான்.